பயிர் அறியும் பொழுது

அகத்திணை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் மிக விரைவாகக் கடந்து போகும் இடம் ஒன்று உண்டு. முதற்பொருள் என்னும் பகுதிதான் அது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று சொல்லி, கரும்பலகையில் கட்டம் போட்டு, குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று நிரப்பிவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்பதுபோல அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் மட்டும் நிறுத்திக் கேட்டான். "ஐயா, நிலம் முதல்னா சரி. அது இல்லாம எதுவும் நிக்காது. பொழுது எப்படி முதலாகும்? அது சும்மா வந்து போறதுதானே?"

உரையாசிரியர்கள் வழிநின்று சொல்லும் விடை என்னிடம் இருந்தது, சொன்னேன். தெய்வமும் உணவும் மரமும் பறவையும் தொழிலுமாகிய கருப்பொருள்கள் தோன்றுவதற்கு இடமும் காலமும் இரண்டுமே வேண்டும், ஆகவே இரண்டும் முதல் என்பதே அந்த விடை. அவன் தலையசைத்தான். ஆனால் அவன் முகத்தில் இருந்த ஐயம் நீங்கவில்லை. நிலம் காலுக்குக் கீழே கண்கூடாக இருக்கிறது. பொழுது என்பது அதன்மேல் மாறி மாறி விழும் வெளிச்சம்தானே என்ற எண்ணம் அவனுக்கு மட்டும் உரியதல்ல. கவிதையில் பொழுதைப் 'பின்னணி' என்று எழுதும் திறனாய்வாளர்களும் அதே எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு விடை எனக்குத் தமிழுக்கு வெளியே இருந்து கிடைத்தது. எங்கள் கல்லூரித் தாவரவியல் துறை நண்பர் ஒருவர் பயிர்களின் உட்கடிகாரம் பற்றிய சில கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்தார். அறிவியல் எனக்குப் பள்ளியோடு நின்றுபோன ஒன்று. மாலை நேரங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது. சங்கப் புலவர்கள் மரபணுவை அன்றே அறிந்திருந்தார்கள் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அப்படிப்பட்ட பெருமிதப் பேச்சுகள் புலவர்களையும் உயர்த்துவதில்லை, அறிவியலையும் விளக்குவதில்லை. ஒரு பயிருக்குப் பொழுது என்பது என்னவாக இருக்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்வதே நோக்கம்.

*

மரங்கள் தூங்குகின்றன என்பதை நம் மொழி எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. சாலையோரங்களில் குடை விரித்தாற்போல நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து இங்கே வந்தது. வந்த மரத்துக்கு நம் மக்கள் வைத்த பெயரில் அதன் பூவும் இல்லை, காயும் இல்லை. மாலையில் இலை கூம்பும் குணம்தான் இருக்கிறது. ரூத் சாட்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் இலையசைவின் இயக்கத்தை ஆராயத் தேர்ந்தெடுத்ததும் இந்த மரத்தைத்தான் என்று பின்னால் அறிந்தபோது, பெயர் வைத்தவர்களின் கண்மீது மதிப்புக் கூடியது.

புளியமரமும் அப்படியே. அலெக்சாந்தரின் படையெடுப்போடு சென்ற ஆண்ட்ரோஸ்தெனிஸ், பாரசீக வளைகுடாவில் இன்று பஹ்ரைன் என்று வழங்கும் தைலோஸ் தீவில், இரவில் இலை மூடிப் பகலில் விரிக்கும் ஒரு மரத்தைக் கண்டார். அங்குள்ள மக்கள் மரம் உறங்குவதாகச் சொன்னார்கள். தியோஃப்ராஸ்டஸ் தம் தாவர நூலில் இச்செய்தியைப் பதிவு செய்ததால் அது நமக்குக் கிடைத்தது. அந்த மரம் புளி என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டுச் செய்தி இது.

கண்டது அன்றே கண்டாயிற்று; ஆனால் கேள்வி எழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. வெளிச்சம் போவதால் இலை மூடுகிறதா, அல்லது வெளிச்சம் போகும் நேரம் இலைக்கே தெரியுமா? 1729-இல் பிரான்சில் தெ மைரான் என்ற வானியலாளர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெயில் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாத அந்தச் செடி பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. இதை அவர் பெரிதுபடுத்தவில்லை. நண்பர் ஒருவர்தான் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். அந்தச் சிறு குறிப்பில் ஓர் ஒப்புமை வருகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் சிலர் இரவு பகல் வேறுபாட்டைத் தாமாகவே உணர்கிறார்களே, அதுபோன்றது இது என்று.

இந்த இடத்தை வாசித்தபோது கட்டுரையைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மா தம் கடைசி வாரங்களைச் சாளரமில்லாத ஒரு தீவிர சிகிச்சை அறையில் கழித்தார். அங்கே விளக்கு அணைவதேயில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பார்க்கலாம். முதல் நாட்களில் காலையில் போனால், "கோலம் போட்டாச்சா?" என்பார். மாலையில் போனால், "விளக்கேத்தியாச்சா?" என்பார். சுவரில் கடிகாரம் இல்லை. யாரும் அவருக்கு நேரம் சொல்லவும் இல்லை. ஒருவேளை செவிலியர் மாறுவதைக் கொண்டு கணித்தாரோ என்னவோ. இரண்டாவது வாரத்தில் கேள்விகள் இடம் மாறின. மாலை ஆறு மணிக்குக் கோலத்தைப் பற்றிக் கேட்டார். காலையில் போனால் நல்ல தூக்கத்தில் இருந்தார். அந்த அறைகளில் இது வழக்கமாக நேர்வதுதான் என்றார் மருத்துவர். நாற்பது ஆண்டுகள் விடியலுக்கு முன் எழுந்து வாசல் தெளித்தவருக்குள் இருந்த பொழுது, வெளியே இருந்த பொழுதிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

உயிருக்குள் ஒரு பொழுது இருக்கிறது. ஆனால் அது தனியே விடப்பட்டால் நழுவும். செடியிலும் இதைத்தான் கண்டார்கள். 1832-இல் தெ கந்தோல் என்ற தாவரவியலார், தொடர்ந்து ஒரே நிலையில் வைக்கப்பட்ட செடியின் இலை நாளொன்றுக்கு 24 மணி நேரத்தில் அல்ல, 22 அல்லது 23 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதைக் குறித்தார். வெளியிலிருந்து ஏதோ ஒன்று செடிக்கு நேரம் சொல்கிறது என்றால் சுற்று சரியாக 24 மணி நேரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, ஆகவே கடிகாரம் செடிக்குள்ளேதான் இருக்கிறது. அது துல்லியமானதல்ல என்பதால், ஒவ்வொரு விடியலும் அதைத் திருத்திவைக்க வேண்டியிருக்கிறது. 1959-இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் இதற்குச் சூட்டிய 'சர்க்கேடியன்' என்ற பெயருக்கே 'ஏறத்தாழ ஒரு நாள்' என்றுதான் பொருள். 'ஏறத்தாழ' என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட கலைச்சொல் வேறு எனக்குத் தெரியவில்லை.

*

இலை அசைவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பது தெரிய இருபதாம் நூற்றாண்டின் இறுதி ஆக வேண்டியிருந்தது.

மரபணுவை ஓர் ஏட்டுச்சுவடி என்று வைத்துக்கொள்ளலாம். சுவடிக்கட்டு முழுவதும் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. ஆனால் எல்லா ஏடுகளும் எல்லா நேரமும் வாசிக்கப்படுவதில்லை. தேவையான ஏட்டை மட்டும் எடுத்துச் செல் ஒரு படி எடுக்கிறது. அந்தப் படியைக் கொண்டு புரதம் செய்கிறது. பாடநூல்களிலும் இதற்குப் 'படியெடுத்தல்' என்றே பெயர். ஆகவே கேள்வி இதுதான்: எந்த ஏடு எந்தப் பொழுதில் படியெடுக்கப்படுகிறது?

1985-இல் ஜெர்மனியில் குளோப்ஸ்டெக் என்பவர் பட்டாணிச் செடியில் இதைப் பார்த்தார். பச்சையத்தைத் தாங்கி நின்று ஒளியை வாங்கித் தரும் புரதத்துக்கான படிகள் அன்றுவரை 'ஒளியால் தூண்டப்படுபவை' என்று கருதப்பட்டவை. வெளிச்சம் பட்ட பிறகு அவை பெருக வேண்டும். ஆனால் அவை விடியலுக்கு முன்பே, இருட்டிலேயே, சேரத் தொடங்கியிருந்தன. 1988-இல் இதே வகைக் கோதுமை மரபணு ஒன்றைப் புகையிலைச் செடிக்குள் வைத்தபோது, அயல் வீட்டிலும் அது தன் நேரத்தைத் தவறவிடவில்லை. ஒளிச்சேர்க்கை என்றால் வெயில் விழுந்ததும் இலை சமைக்கத் தொடங்குகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அடுப்பு மூட்டும் வேலை கோழி கூவுவதற்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது.

இப்படி முன்கூட்டியே எழுந்திருப்பதுதான் உட்கடிகாரத்தின் பயன். எதிர்வினையாற்றும் உயிர் எப்போதும் ஒரு கணம் பின்தங்கியே இருக்கும். எதிர்பார்க்கிற உயிர் தயாராக இருக்கும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் சுமார் 8,000 மரபணுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் நூற்றுக்கு ஆறு பங்கு இந்த உட்கடிகாரத்தின்படி ஏறி இறங்கின. கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் நிறமிகளைச் செய்வதற்கான மரபணுக்கள் விடியலுக்கு முன் உச்சத்தை அடைந்தன. வெயிலுக்கு முன்பே குடை விரிக்கப்படுகிறது.

கடிகாரம் எதனால் ஆனது? பற்சக்கரம் எதுவும் இல்லை. சில மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்குவதுதான் கடிகாரம். காலையில் எழும் மரபணுக்களின் புரதங்கள் மாலை மரபணுக்களை அழுத்தி வைக்கின்றன. காலைப் புரதங்கள் சிதையச் சிதைய மாலை மரபணுக்கள் தலைதூக்குகின்றன. தூக்கியதும் காலை மரபணுக்களை அழுத்துகின்றன. நம் கிணற்றடி ஏற்றம்போல, ஒரு முனை எழ மறுமுனை தாழ்கிறது. இடையில் நின்று கைமாற்றிவிடும் மரபணுக்கள் வேறு சில உண்டு. இந்தக் கடிகாரத்தைக் காண ஆய்வாளர்கள் கையாண்ட வழி எனக்கு மிகப் பிடித்தது. மின்மினிப்பூச்சிக்கு ஒளி தரும் மரபணுவை எடுத்துச் செடியின் நாள்முறை மரபணு ஒன்றின் கட்டளைப் பகுதியோடு பொருத்தினார்கள். அந்த மரபணு விழிக்கும் நேரத்தில் செடி, நம் கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கலாக, ஒளிர்ந்தது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை நுண்ணிய ஒளிப்படக் கருவியின் கீழ் வைத்துத் தேடியபோது, 1995-இல், மற்றவற்றுக்கு முன்பாகவே ஒளிரத் தொடங்கும் நாற்று ஒன்று அகப்பட்டது. அதன் நாள் 21 மணி நேரம்.

இனி ஒரு நாளைச் சற்றே பின்தொடரலாம். காலை இளவெயிலில் இலைத்துளைகள் திறக்க, காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வருகிறது. ஒளிச்சேர்க்கை வேகம் பிடிக்கிறது. உச்சிவெயில் வரும்போது ஒரு முரண் நேர்கிறது. ஒளி மிகுதியாக இருக்கும் அந்த நேரத்தில் இலை அதை முழுவதும் பயன்படுத்துவதில்லை. நீர் இழப்பைத் தடுக்கத் துளைகள் குறுகுகின்றன. மிகையான ஒளி வெப்பமாக வெளியேற்றப்படுகிறது. கடும் வெயிலும் வறண்ட காற்றும் சேரும் நாட்களில் ஒளிச்சேர்க்கை நண்பகலில் தளர்ந்து, பிற்பகலில் ஓரளவு மீள்வதைப் பல பயிர்களில் அளந்திருக்கிறார்கள்.

எனக்கு வியப்பளித்தது பகலல்ல, இரவு. இரவில் செடிக்கு வருமானம் இல்லை, செலவு உண்டு. அரபிடாப்சிஸ் தன் பகல் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை இலைக்குள் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்து இரவில் செலவழிக்கிறது. சீரான வேகத்தில் செலவழித்து, விடியும்போது ஏறத்தாழ 95 விழுக்காட்டை முடித்திருக்கும். 12 மணி நேரப் பகலுக்குப் பழகிய செடிக்கு ஒருநாள் திடீரென்று 8 மணி நேரத்திலேயே விளக்கை அணைத்துவிட்டார்கள். சேமிப்பு குறைவு, இரவு நீளம். செடி அன்றிரவே செலவின் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மாவு முடிந்தது சரியாக வழக்கமான விடியலில். இங்கிலாந்தின் நாரிச் நகர ஜான் இன்னஸ் மையத்தில் நடந்த இந்த ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. கையிருப்பை, விடியலுக்கு மிச்சமிருக்கும் நேரத்தால் செடி வகுத்துக்கொள்கிறது என்று 2013-இல் அதே மையத்தினர் எழுதினார்கள். மாதக் கடைசிவரை அரிசியைக் கணக்குப் பார்த்து அளந்துபோட்ட தாய்மார்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எல்லாப் பயிரும் இப்படியே செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெல் தன் இலையில் மாவாக அன்றிப் பெரும்பாலும் சர்க்கரையாகவே சேமிக்கிறது. ஆனால் இரவைக் கடத்த வேண்டிய கடமை அதற்கும் உண்டு.

உள்ளே ஓடும் நாளும் வெளியே ஓடும் நாளும் ஒத்திருந்தால் செடிக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் 2005-இல் வெளியான ஆய்வு அது. குறுகிய நாள் கொண்ட செடிகளையும் நீண்ட நாள் கொண்ட செடிகளையும், செயற்கையான 20 மணி நேர, 28 மணி நேர நாட்களில் வளர்த்துப் பார்த்தார்கள். தன் உட்கடிகாரத்துக்கு ஒத்த நாளில் வளர்ந்த செடிகளில் பச்சையம் மிகுதியாக இருந்தது, கூடுதலாகக் கரியைச் சேர்த்தன, பெரிதாக வளர்ந்தன. உணவும் நீரும் ஒளியும் மாறவில்லை. பொழுது பொருந்தியது, அவ்வளவே.

*

இதுவரை சொன்னது செடியின் கதை. பயிரின் கதையில் மனிதன் வருகிறான். மனிதன் பயிரை ஓரிடத்தில் விட்டுவைப்பதில்லை. பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கடல்கடந்து கொண்டுபோகிறான். மண்ணை உரமிட்டு மாற்றலாம், நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரலாம். அந்த ஊரின் பகல் நீளத்தை மாற்ற முடியாது. ஆகவே பயிரின் கடிகாரம் மாறியாக வேண்டும்.

தக்காளி தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியைச் சேர்ந்தது. அங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். காட்டுத் தக்காளியின் கடிகாரத்தையும் தோட்டத் தக்காளியின் கடிகாரத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. தோட்டத் தக்காளியின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. வடக்கே நீண்ட கோடைப் பகல்களுக்குப் பழக்கப்படுத்தியபோது, யாரும் அறியாமலே, மெதுவாக ஓடும் செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. சுவீடனில் எக்ஸ் கதிர் செலுத்தி உருவாக்கப்பட்ட 'மாரி' என்ற பார்லி ரகத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே கடிகார மரபணு ஒன்று உடைந்தே போயிற்று. உடைந்ததால் அது பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் சீக்கிரம் கதிர் விட்டது. குறுகிய பருவத்துக்கு ஏற்றதாயிற்று. அதற்குக் காரணம் கடிகார மரபணுதான் என்பது 2012-இல்தான் தெரிந்தது.

நார்மன் போர்லாக்கின் கோதுமையும் இதே வரிசையில் நிற்பது. மெக்சிகோவில் வடமேற்குச் சொனோரா சமவெளியில் குளிர்காலத்தில் ஒரு போகம், நடுப்பகுதியின் தொலுகா மேட்டுநிலத்தில் கோடையில் ஒரு போகம் என்று அவர் விதைகளை மாற்றி மாற்றி விதைத்தார். காலத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம். ஆனால் இரண்டு இடங்களின் பகல் நீளமும் வேறு. இரண்டிலும் தேறியவை பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத செடிகள் மட்டுமே. அதனால்தான் அந்த விதைகளுக்கு எந்த நாடும் சொந்த நாடாயிற்று. 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்தபோது, நாம் வாங்கியது குட்டைத்தாளை மட்டுமல்ல, பொழுது மறந்த விதையையும்தான். அந்த மறதிக்குக் காரணமான மரபணு, கடிகார மரபணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2007-இல் கண்டார்கள். அதே 1966-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோசிலிருந்து வந்த ஐ.ஆர். 8 நெல்லும் பகல் நீளத்துக்குக் கட்டுப்படாதது.

அதற்கு முந்தைய நெல்லுக்குப் பொழுது மறக்கவில்லை. எங்கள் தாத்தா காலத்துச் சம்பா நெல்லைப் பற்றி ஊரில் ஒன்று சொல்வார்கள். விதைப்பு பத்து நாள் முன்னே பின்னே போகலாம், கதிர் அதன் நாளில்தான் வரும் என்று. இது வெறும் நம்பிக்கை அல்ல. அந்த ரகங்கள் பகல் குறைவதைப் பார்த்துப் பூக்கும் இனம். இதில் வியப்பு என்னவென்றால் நம் பகுதியில் பகல் அதிகம் மாறுவதேயில்லை. காவிரிப் படுகை இருக்கும் 11 பாகை அட்சரேகையில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்குத் தெரியாத அந்த வேறுபாடு நெல்லுக்குப் போதும். பகல் நீளத்தில் அரைமணி நேர வேறுபாட்டை நெல்லின் பூக்கும் மரபணுக்கள் பிரித்தறிவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, தங்கள் வயலில் நடந்ததைச் சொன்னாள். பாரம்பரிய விதை தேடி வாங்கி அவள் அப்பா நட்டிருந்தார். புறவழிச்சாலையில் புதிதாக உயர்கோபுர விளக்கு வந்தது. "வயல் முழுக்கக் கதிர் வந்துருச்சு ஐயா. அந்த விளக்கு வெளிச்சம் விழுற இடம் மட்டும் பச்சையாவே நின்னுச்சு." அந்தப் பயிருக்கு உரம் குறையவில்லை, நீர் குறையவில்லை, பூச்சி தாக்கவில்லை. இரவு இல்லை. முன்பு கேள்வி கேட்ட மாணவன் அப்போது படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தான். இருந்திருந்தால், பொழுது எப்படி முதலாகும் என்ற கேள்விக்கு இந்தப் பெண்ணின் விடை என்னுடையதைவிடச் சிறந்ததென்று சொல்லியிருப்பான்.

பொழுதை மறக்கச் செய்த விதைகளைக் குறை சொல்வது எளிது. நான் அதற்குத் துணிய மாட்டேன். குறுவையும் தாளடியும் என்று இரண்டு போகம் கண்டு, பஞ்சத்தின் நினைவு இல்லாமல் வளர்ந்த தலைமுறை என்னுடையது. மருதத்துக்குத் தனியாகப் பெரும்பொழுது சொல்லப்படாததால் ஆறு பருவமும் அதற்கு உரியவை என்று உரைகாரர்கள் கொண்டார்கள். பல நூற்றாண்டு கழித்து அதை வயலில் நிகழ்த்தியது பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத இந்த நெல்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ரகங்கள் மறந்தது ஆண்டின் பொழுதை, பெரும்பொழுதை. நாளின் பொழுதை அவை மறக்கவில்லை. எந்த நவீன நெல்லிலும் விடியல் மரபணு விடியலில்தான் எழுகிறது; மாலை மரபணு மாலையில்தான் எழுகிறது. சிறுபொழுது இல்லாமல் பயிர் இல்லை.

*

கவலை இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சிறுபொழுதுகளில் ஒன்று இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

லாஸ் பானோசில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்துவைக்கிறது. 1979 முதல் 2003 வரையிலான குறிப்புகளைத் தொகுத்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டுச் சராசரியில் பகலின் உச்ச வெப்பம் அந்தக் காலத்தில் 0.35 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1.13 டிகிரி கூடியிருந்தது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட வயல்களின் விளைச்சலோடு ஒப்பிட்டபோது, இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைவது தெரிந்தது. பகல் வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை.

ஏன் இரவு? வெப்பம் மிகுந்தால் செடி வேகமாக மூச்சுவிட்டுச் சேமிப்பைக் கரைக்கிறது என்பது வழக்கமான விடை. அதில் உண்மை உண்டு. ஆனால் அதே நிலையத்தின் வயலில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. திறந்த வயலில் வெப்பமூட்டிகளை வைத்து, இரவை மட்டும் 2 முதல் 3 டிகிரி சூடாக்கினார்கள். நெற்கதிர்களை நாள் முழுவதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுத்து, எந்த மரபணு எப்போது படியெடுக்கப்படுகிறது என்று பார்த்தார்கள். படியெடுக்கும் நேரங்கள் பரவலாகக் குலைந்திருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தம் நேரம் தவறி நடந்தன. எல்லா மரபணுக்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. 24 மணி நேரச் சுற்றில் ஏறி இறங்கும் வழக்கமுள்ளவை, அதாவது பொழுது பார்த்து வேலை செய்பவை, மற்றவற்றைவிட அதிகம் குலைந்தன.

வயலில் பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் இதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குகிறது. அதையெல்லாம் தாங்கும் பயிர் இந்த இரண்டு மூன்று டிகிரியில் தடுமாறுகிறது. காரணம், செடிக்கு இரவு இரண்டு அடையாளங்களோடு வருகிறது: ஒன்று இருள், மற்றொன்று குளிர்ச்சி. கண்ணுக்கு இரவாகவும் உடலுக்கு இரவல்லாததாகவும் ஒரு பொழுது வந்தால் உட்கடிகாரம் எதை நம்பும்? விளக்கணையாத அறையில் மாலையைக் காலையென்று கொண்டவரைப் பார்த்திருப்பதால் இந்தத் தடுமாற்றம் எனக்கு அன்னியமாகத் தோன்றவில்லை. பால் பிடிக்கும் கதிரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேளை உண்டு. சர்க்கரை வந்து சேர வேண்டிய நேரத்தில் அதை மாவாக்கும் கைகள் தயாராக இருக்க வேண்டும். வேளை பிசகினால் மணி பதராகிறது. அல்லது நொறுங்கும் அரிசியாகிறது.

இந்த ஆய்வாளர்கள் அவநம்பிக்கையோடு முடிக்கவில்லை. குலைவின் பின்னணியில் இருக்கக்கூடிய முக்கியக் கட்டளை மரபணுக்கள் சிலவற்றை இனம் கண்டிருக்கிறார்கள். வெப்ப இரவிலும் நேரம் தவறாத நெல்லை உருவாக்க அவை உதவலாம். ஒரு காலத்தில் பெரும்பொழுதை மறக்கும் விதையைத் தேடினோம். இனி, சிறுபொழுதை மறக்காத விதையைத் தேட வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம்.

முதற்பொருள் பாடத்தை நான் இப்போதும் அந்தக் கட்டத்தைப் போட்டுத்தான் தொடங்குகிறேன், தேர்வு இருக்கிறதே. கட்டத்தை நிரப்பிய பிறகு மருதத்தில் நின்றுகொள்கிறேன். ஊடலுக்கு வைகறை ஏன் உரியது என்பதற்கு உரைகள் சொல்லும் காரணம் மனிதர்களைப் பற்றியது; பரத்தையிடமிருந்து தலைவன் மீளும் நேரம் அது. அந்தக் காரணத்தோடு எதையும் ஒட்டவைக்க நான் விரும்புவதில்லை. ஆனால் அதே வைகறையில், அந்த ஊரைச் சுற்றியுள்ள வயல் முழுவதும், இன்னும் வராத வெயிலுக்காக இலைகள் தம்மைத் தயார் செய்துகொண்டிருக்கின்றன என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். நிலம் அங்கேயே இருக்கிறது. மண் மாறவில்லை, ஆறு இடம் பெயரவில்லை. பொழுது மட்டும் சற்றே மாறினாலும் அந்த நிலம் அதே மருதமாக இருக்காது.

செய்தித்தாளில் நாள்தோறும் வெப்பநிலை இரண்டு எண்களாக வருகிறது. கோடையில் எல்லோரும் மேலே உள்ள எண்ணைப் பார்த்து அங்கலாய்க்கிறோம். கீழே உள்ள சிறிய எண் இரவினுடையது. தை மாதத்தில், சம்பா முற்றும் நாட்களில், அந்த இரண்டாவது எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள்.